இசைவாணர் கிளென் கூல்ட்

யாழ்நரம்பினின்று எழுவது இசை. அந்நரம்பைத் தாங்கும் மரத்தினின்றும், அதனை வருடும் விரலினின்றும், வருடுவோன் அமர்ந்த இருக்கையினின்றும் எழுவது வெற்றோசை. இவ்விரண்டும் உடன்பிறந்தவை. ஒன்றை விரும்பிக் கேட்பார் மற்றொன்றையும் கேட்டே தீரல்வேண்டும். சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையின் இசைமண்டபம் புகுந்த சீவகன், தன்முன் கொணர்ந்து வைத்த யாழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, மரத்திற் குற்றமும் நரம்பிற் குற்றமும் கண்டு விலக்கி, குற்றமற்றதொன்றையே கைக்கொண்டான் என்பதை நாம் வகுப்பிற் பயின்றிருக்கின்றோம். கருவியின் குற்றம் கலையின் குற்றமாய் முடியும் என்பது பண்டையோர் கொள்கை.

இக்கொள்கையை நம் காலத்திற்கு அணித்தாக வாழ்ந்து கடைப்பிடித்தவர், கனடா நாட்டுப் பியானோ வாணராகிய கிளென் கூல்ட் என்பார். தம் இசையினின்று வேண்டா ஓசைகளை விலக்கும்பொருட்டு அவர் கருவியை மாற்றினார், இடத்தை மாற்றினார், ஈற்றில் கேட்போர் கூட்டத்தையே விட்டு நீங்கினார். ஆயினும், குற்றமனைத்தையும் களையப் புகுந்த அவரே சில குற்றங்களை அறிந்தும் தம்மோடு வைத்துக்கொண்டார். எவற்றைக் களைந்தார், எவற்றை வைத்துக்கொண்டார், அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பவற்றை அவர் வரலாற்றின் வாயிலாக ஆராயப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கூல்ட் 1932-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் டொராண்டோ நகரிற் பிறந்தார். தந்தையார் மென்மயிர்த் தோலாடை வணிகம் செய்தவர். தாயார் பிளாரன்ஸ் அம்மையார் பாட்டும் பியானோவும் கற்பித்தவர். தம் ஒரே மகனுக்கு முதல் ஆசிரியராயிருந்து பத்து வயதுவரை அவரே பயிற்றினார். வாசிக்கும் சுரங்களையெல்லாம் வாயாற் பாடிக்கொண்டே வாசிக்குமாறு அவ்வம்மையார் பழக்கினார் என்பர். தாய்மடியிற் கற்ற அப்பழக்கம் மகனை ஐம்பதாண்டும் விட்டகலவில்லை. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

அதன்பின், சிலி நாட்டிற் பிறந்து டொராண்டோவிற் குடியேறிய ஆல்பெர்ட்டோ கெரேரோ என்னும் ஆசிரியரிடம் பயின்றார். கெரேரோ தாழ்ந்த இருக்கையிலமர்ந்து, தோளின் பளுவை இடாது விரல்களின் திறத்தாலேயே கட்டைகளை இயக்குபவர். மாணவரும் அவ்வழியே நின்றார். 1946-ஆம் ஆண்டில் டொராண்டோ இசைக்கல்லூரியின் பட்டயத் தேர்விற் சிறப்புறத் தேறியபோது கூல்டுக்கு அகவை பதினான்குகூட நிரம்பவில்லை.

அவ்விளமைக்காலத்து நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஒருநாள் கூல்ட் மோட்சார்ட் இயற்றிய பியூக் ஒன்றை வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். பியூக் என்பது ஒரு குரல் தொடங்கிய பண்ணை மற்றொரு குரல் பின்தொடர்ந்து பற்றிச் செல்லுமாறு அமைத்த இசைவகை. அப்பொழுது பணிப்பெண் தூசி உறிஞ்சும் பொறியைப் பியானோவின் அருகே கொணர்ந்து இயக்கிவிட்டார். பொறியின் பேரிரைச்சலில் பியானோவின் ஒலி மறைந்தது. மெல்லிய பகுதிகளில் சிறுவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனினும் விரல்கள் கட்டைகளைத் தொடும் உணர்வு இருந்தது. அவ்வுணர்வைப் பற்றிக்கொண்டு உள்ளம் இசையை முழுவதுமாகத் தானே படைத்துக்கொண்டது. புறச்செவியில் விழுந்ததைக் காட்டிலும் அகச்செவியில் ஒலித்ததே அவருக்குச் சிறந்ததாகத் தோன்றிற்று. பிற்காலத்தில் புதிய இசையொன்றை விரைந்து கற்க வேண்டுங்கால், வானொலிப் பெட்டியையோ வேறு இரைச்சலையோ வேண்டுமென்றே பக்கத்தில் எழுப்பிக்கொண்டு பயிலும் வழக்கம் அவருக்கு உண்டாயிற்று. ஓசையை ஒழிக்கப் பெரிதும் பாடுபட்ட ஒருவர் ஓசையினிடையே தம்மைக் கண்டறிந்தார் என்பது வியப்பன்றோ!

தந்தை செய்த நாற்காலி

1953-ஆம் ஆண்டளவில் தந்தையார் தம் மகனுக்கென ஒரு நாற்காலி அமைத்துக் கொடுத்தார். மடக்கக்கூடிய எளிய மர நாற்காலியொன்றை எடுத்து, அதன் கால்களை நான்கு அங்குலம் குறைத்து, ஒவ்வொரு காலையும் தனித்தனியே சிறிது உயர்த்தவும் தாழ்த்தவும் ஆகுமாறு உலோக முனைகள் பொருத்தினார். இருக்கை தரையினின்று 14 அங்குலமே உயர்ந்தது. பியானோ வாசிப்போர் வழக்கமாக அமரும் உயரத்தினும் இது மிகத் தாழ்ந்தது. அதிலமர்ந்தால் வாசிப்பவரின் முகம் கட்டைகளை நெருங்கிவிடும்.

அந்நாளிலிருந்து இறக்குமளவும் கூல்ட் வேறு இருக்கையில் அமர்ந்து மேடையிலோ கூடத்திலோ வாசித்ததில்லை என்றே கூறலாம். சென்ற நாடெல்லாம் அதனைச் சுமந்து சென்றார். காலப்போக்கில் மெத்தை கிழிந்தது. உள்ளிருந்த பஞ்சு உதிர்ந்தது. ஈற்றில் சட்டம் மாத்திரமே எஞ்சியது. அவர் உடல் அசையுந்தோறும் அது கிறீச்சிட்டது. அக்கிறீச்சொலி அவர் இசைத்தட்டுக்கள் பலவற்றில் இன்றும் கேட்கின்றது. புதியது செய்துகொள்ள அவருக்குப் பொருளில்லாமலில்லை, மனம் ஒருப்படவில்லை.

புகழ் வந்த ஆண்டு

1955-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வாஷிங்டனிலும், பின்னர் நியூயார்க்கு நகரத்து டவுன் ஹாலிலும் கூல்ட் முதன்முறையாக வாசித்தார். நியூயார்க்குக் கச்சேரிக்கு வந்திருந்தோர் தொகை சிறிது. ஆயினும், அவருள் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்து அலுவலர் ஒருவரும் இருந்தார். மறுநாளே நிறுவனம் அவரோடு உடன்படிக்கை செய்ய முன்வந்தது. ஒரு கச்சேரி கேட்ட அளவில் ஒருவரை ஏற்றுக்கொள்ளுதல் அந்நிறுவனத்துக்கு அருமையான செயலாம்.

முதல் இசைத்தட்டிற்கு இருபத்திரண்டு வயதினராகிய அவர் தெரிந்தெடுத்தது, யோவான் செபாஸ்தியான் பாக் இயற்றி 1741-இல் வெளிவந்த கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்னும் நூல். தொடக்கத்தில் ஒரு பாட்டு. அதன் அடிநிலைச் சுரங்களின்மேல் எழுப்பிய 30 மாற்றுருவங்கள். முடிவில் மீண்டும் அதே பாட்டு. இரண்டு வரிசைக் கட்டைகளையுடைய ஹார்ப்சிகார்ட் என்னும் பழங்கருவிக்கென எழுதப்பட்ட அதனைப் பியானோவில் வாசித்துப் புகழ்பெறலாமென்று அக்காலத்தில் எண்ணினோர் மிகச் சிலர். நிறுவனத்தாரும் தயங்கினர். கூல்ட் தம் கருத்தை விடவில்லை.

ஒலிப்பதிவு 1955 ஜூன் திங்களில் நியூயார்க்கு 30-ஆம் தெருவிலிருந்த கூடத்தில் நிகழ்ந்தது. அக்கூடம் முன்னாளில் தேவாலயமாயிருந்தது. உயர்ந்த கூரையும் மரத்தளமும் உடையது. ஒலி இனிது பரவுதற்கு ஏற்றதெனப் பெயர்பெற்றது. கோடைக்காலத்தில் கூல்ட் மேலங்கியும் கழுத்துத்துணியும் கையுறையும் பூண்டு, துவாலைகளும் மருந்துப் புட்டிகளும் தந்தையார் செய்த நாற்காலியும் கொண்டு அங்கு வந்தார். வாசிக்குமுன் கைகளை வெந்நீரில் நெடுநேரம் நனைத்துக்கொண்டார். இவற்றைக் கண்டு நகைத்தோர் பலர். 1956-இன் தொடக்கத்தில் இசைத்தட்டு வெளிவந்தபின் நகைப்பு அடங்கிற்று. பாக்கின் இசை பளிங்குநீர்போல் அடிமணல் தோன்ற ஓடக் கேட்டோர் உலகெங்கும் அவர் பெயரை உச்சரித்தனர்.

1957-இல் கூல்ட் சோவியத் நாடு சென்றார். மாஸ்கோவில் முதற் கச்சேரியின் முற்பகுதியில் மண்டபத்திற் பல இருக்கைகள் வெறுமையாயிருந்தன. இடைவேளையில், வந்திருந்தோர் ஓடிச்சென்று நண்பரைத் தொலைபேசியில் அழைத்தனர். பிற்பகுதி தொடங்குகையில் மண்டபம் நிரம்பி வழிந்தது.

பியானோவும் அதன் ஓசைகளும்

இனி, கூல்ட் போராடிய பகை இன்னதென்பதை அறிதற்குப் பியானோவின் உட்பொறியைச் சிறிது நோக்குதல் வேண்டும். பெரிய பியானோவில் 88 கட்டைகளும், 200-க்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகளும் உள்ளன. அக்கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 டன். வார்ப்பிரும்புச் சட்டமொன்று அவ்விசையைத் தாங்குகின்றது. கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்த சுத்தியல் ஒன்று கீழிருந்தெழுந்து கம்பியைத் தாக்கி உடனே பின்வாங்கும். அதே கணத்தில், கம்பியின்மேற் படிந்திருக்கும் டாம்பர் என்னும் ஒலியடக்கி மேலெழுந்து கம்பிக்கு உரிமை கொடுக்கும். விரலை எடுத்தவுடன் அவ்வொலியடக்கி தன் பளுவாலேயே இறங்கிக் கம்பியைத் தழுவி ஒலியை அவிக்கும். மிக உச்சத்திலுள்ள ஏறத்தாழ இருபது சுரங்களின் ஒலி விரைவில் தானே அவிதலின், அவற்றிற்கு மாத்திரம் ஒலியடக்கி இல்லை. வலக்கால் மிதியை அழுத்தினால் எல்லா ஒலியடக்கிகளும் ஒருங்கே எழும். எல்லாக் கம்பிகளும் கட்டின்றி ஒலிக்கும்.

ஈண்டுத்தான் இடர் தோன்றுகின்றது. ஒலியடக்கியின் அடியில் உள்ளது ஆட்டுமயிரை அழுத்திச் செய்த மெத்தென்ற கம்பளி. புதிதாயிருக்கும்பொழுது அது பூனைப்பாதம்போல் ஓசையின்றி இறங்கும். பன்னாள் பழகக் கம்பியின் தழும்பு அதிற் பதிந்து கம்பளி இறுகிவிடும். இறுகிய கம்பளி அசையுங் கம்பியைத் தொடுங்கால் வண்டு முரலுவதுபோன்ற ஓசை பிறக்கும். மிதியை விரைந்து அழுத்தினால், எழுகின்ற ஒலியடக்கிகள் எல்லாக் கம்பிகளையும் சிறிது வருடிச்சென்று, காற்று வீசினாற்போன்றதொரு பெருமூச்சை எழுப்பும். விரைந்து விடுத்தால் தொப்பென்னும் ஓசை கேட்கும். மிதியையும் ஒலியடக்கிகளையும் இணைக்கும் கோல்களிலும் தோல்களிலும் தேய்வு நேர்ந்தால் கிறீச்சிடும்.

கச்சேரி மண்டபத்தில் இருபதடி தொலைவிலிருப்போர் இவற்றை அறியார். அங்கு இருமலும் இருக்கையின் அசைவும் இவற்றை மூடிவிடும். ஒலிவாங்கிக்கோ அத்தகைய தாட்சணியம் இல்லை. பியானோவின் அருகே நிறுத்திய ஒலிவாங்கி, சுரத்தைக் கேட்பதுபோலவே பொறியின் முணுமுணுப்பையும் கேட்டுப் பதிந்துகொள்ளும். ஒருமுறை கேட்டு மறப்பதாயின் பொறுக்கலாம். இசைத்தட்டிற் பதிந்த ஓசை நூறுமுறை கேட்பினும் அதே இடத்தில் மீண்டும் வரும். மூன்றாம் முறை கேட்போர் அவ்விடத்தை எதிர்நோக்கியே இருப்பர்.

ஆகவே, பதிவுக்கூடத்துப் பியானோவைப் பேணுவோர் பணி நுண்ணியது. ஒலியடக்கிகள் அனைத்தும் ஒரே கணத்தில் எழுமாறும் ஒரே கணத்தில் இறங்குமாறும் அவர் ஒழுங்கு செய்வர். இறுகிய கம்பளியை ஊசியால் நெகிழ்த்துவர். நெகிழாதாயின் புதியது இடுவர். ஒலியடக்கியின் கம்பி ஏறியிறங்கும் சிறு துளைகளில் உள்ள துணி தேய்ந்திருந்தால் மாற்றுவர். மிதிக்கோல்கள் உராயுமிடத்தில் காரீயத்தூள் இடுவர். தோலும் துணியும் புதுக்குவர். ஒலிவாங்கியை ஒலியடக்கிகளின் நேர்மேலே வையாது சிறிது விலக்கி நிறுத்துவர். இவையனைத்தும் செய்தபின்னும் எஞ்சுவதை வாசிப்பவரே நீக்குதல் வேண்டும். பாதத்தை மிதியினின்று எடாது அதன்மேலேயே வைத்திருந்து, மெல்ல அழுத்தி மெல்ல விடுத்தால் பெருமூச்சு அடங்கும்.

கூல்ட் மேற்கொண்ட வழி இவற்றினும் எளிது. பாக்கின் இசையில் அவர் வலக்கால் மிதியை மிக அருகியே பயன்படுத்தினார். ஒவ்வொரு குரலும் மற்றொன்றோடு கலவாது தனித்து விளங்கவேண்டுமென்பதே அவர் நோக்கம். விரல் எடுத்த கணத்தில் ஒலி அறவேண்டும். அறுந்த ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையே அமைதியின் கீற்றொன்று தோன்றவேண்டும். இதனால் மிதியின் ஓசை தானே ஒழிந்தது. ஆனால், ஆலயத்து முழக்கம்போன்ற எதிரொலியை விரும்பாத அவர் ஒலிவாங்கிகளைக் கருவியின் அருகே நிறுத்தச் செய்தார். அதனால் பொறியின் மற்ற ஓசைகள் பின்னும் தெளிவாகக் கேட்டன. ஒரு கதவை அடைத்தவர் மற்றொரு கதவைத் திறந்தார். எனவே, குற்றமற்ற கருவி அவருக்கு இன்றியமையாததாயிற்று.

விரும்பிய கருவியும் அதன் விக்கலும்

அக்கருவியை அவர் 1960-ஆம் ஆண்டில் தம் சொந்த நகரத்திலேயே கண்டார். ஈட்டன் பண்டகசாலையைச் சேர்ந்த பழைய ஸ்டெயின்வே பியானோ அது, சி.டி. 318 என்னும் எண்ணுடையது. கச்சேரி செய்வோர் பலர் கைபட்டு முதுமையெய்தியது. அதன் கட்டைகள் இறகுபோல் இயங்கின. ஒலி மெலிந்து தெளிந்திருந்தது. கூல்ட் அதனைத் தமக்கென ஆக்கிக்கொண்டார்.

அக்கருவியைப் பேணியவர் வெர்ன் எட்குவிஸ்ட் என்னும் சுருதி கூட்டுநர். பிறந்த நாள்தொட்டே பார்வை மிகக் குன்றியவர்; பார்வையற்றோர் பள்ளியில் அத்தொழில் கற்றவர். கண் தாராததைச் செவியும் விரலும் அவருக்குத் தந்தன. பதிவு நிகழும்பொழுது அவர் அருகிருந்து, ஒரு பகுதி முடிந்து மற்றொன்று தொடங்குமுன் கலைந்த சுருதியைச் செம்மை செய்வார். உலகம் கேட்டது கூல்டின் விரலை. அவ்விரலுக்கு இடங்கொடுத்தது எட்குவிஸ்டின் செவி. ஒருவர் புகழுக்குப் பின்னே மற்றொருவர் உழைப்பு மறைந்து நிற்றலை நாம் மறத்தல் தகாது.

கூல்ட் அமைதியுறவில்லை. கட்டை தாழும் ஆழத்தைக் குறைக்கவும், சுத்தியலைக் கம்பியின் அணித்தாகக் கொணரவும் செய்தார். ஹார்ப்சிகார்ட்டின் விரைவும் கூர்மையும் பியானோவில் எய்தவேண்டுமென்பது அவர் விருப்பம். விருப்பம் நிறைவேறியது, ஆனால் ஒரு தீங்கும் உடன்வந்தது. நடுத்தானத்துச் சுரங்கள் சிலவற்றை மெதுவாக வாசிக்குங்கால், சுத்தியல் ஒருமுறை தாக்கிப் பின்வாங்காமல் தத்தளித்து மீண்டும் சிறிது தட்டியது. கேட்போர்க்கு அது விக்கல்போல் ஒலித்தது.

1964-இல் பாக்கின் இன்வென்ஷன்ஸ் என்னும் சிறு பாடல்களைப் பதிவுசெய்தபொழுது இவ்விக்கல் தட்டிலேறிவிட்டது. வேறொருவராயின் பதிவை நிறுத்தியிருப்பர். அன்றிக் கருவியைப் பழைய நிலைக்குத் திருப்பியிருப்பர். கூல்ட் செய்தது வேறு. இசைத்தட்டின் உறையிலேயே தம் பியானோ விக்குகின்றது என்பதைத் தாமே எழுதி வெளியிட்டார். தொடுகையில் தாம் பெற்ற தெளிவுக்கு அவ்விக்கல் சிறுவிலையே என்பது அவர் கொள்கை. மறைத்து வைத்த குற்றம் பழியாகும். காரணம் கூறி ஒப்புக்கொண்ட குற்றம் பழியாகாது. அன்று அவர் எழுதியதைப் படித்தவர் விக்கலைக் கேட்டு வெகுளாது முறுவலித்தனர்.

மேடை துறந்தமை

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கூல்ட் வாசித்தார். அறிவிப்பு ஒன்றுமில்லை; பிரியாவிடையும் இல்லை. அதன்பின் அவர் மேடை ஏறவேயில்லை. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்று. வாழ்நாளில் அவர் செய்த கச்சேரிகள் இருநூற்றுக்கும் குறைவே.

கச்சேரியை அவர் வெறுத்ததற்குக் காரணம் பல. மேடையில் நின்று வெற்றிபெற முயல்பவன் மல்லனைப்போன்றவன் என்றும், கூட்டம் அவன் தவறுவதையும் உள்ளூர விரும்புகின்றது என்றும் அவர் கருதினார். ஒலிப்பதிவுக்கூடமோ தாயின் கருவறைபோல் அமைதியானது. ஒருமுறை பிழைத்தால் மறுமுறை வாசிக்கலாம். சிறந்த பகுதிகளைத் தெரிந்து ஒலிநாடாவை வெட்டி ஒட்டலாம். பாக்கின் ஏ மைனர் பியூக் ஒன்றை அவர் பன்முறை வாசித்து, ஆறாம் பதிவும் எட்டாம் பதிவும் பிழையற்றனவாய் அமையக் கண்டார். ஆயினும், ஒன்று மிகக் கம்பீரமாகவும் மற்றொன்று மிக மகிழ்வாகவும் இருந்தமையால் இரண்டும் முழுதாகக் கேட்கச் சலிப்பூட்டின. இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டியபின், எந்த ஒரு வாசிப்பிலும் இல்லாத உயிர் அதனுட் புகுந்தது. இதனை 1966-இல் எழுதிய கட்டுரையில் அவரே விளக்கியுள்ளார்.

இது வஞ்சனையன்றோ என வினவினார் பலர். நூலாசிரியன் எழுதியதை அடித்துத் திருத்துதல் வஞ்சனையாகுமா என்று நாம் எதிர்வினவலாம். எனினும், மேடையில் ஒருவர் தம் உயிரனைத்தையும் ஒரு மாலைப்பொழுதில் வைத்து வாசிக்கும்பொழுது கேட்போர் பெறும் நடுக்கமும் உவகையும் வெட்டி ஒட்டிய நாடாவிற் கிட்டுவதில்லை என்போர் கூற்றையும் யாம் முற்றும் தள்ளத் துணியோம். கூல்ட் ஒன்றைப் பெற ஒன்றை இழந்தார் என்பதே உண்மை.

இழந்தவற்றுள் மனிதர் உறவும் ஒன்று. அவர் மணஞ்செய்துகொள்ளவில்லை. பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தார். நண்பரை நேரிற் காண்பதை ஒழித்து, நள்ளிரவில் நெடுநேரம் தொலைபேசியிற் பேசினார். தனிமை அவர் சிந்தனைக்கும் பொருளாயிற்று. கனடாவின் வடபுலத்துத் தனிவாழ்வைப்பற்றி அவர் 1967-இல் வானொலிக்கு அமைத்த நிகழ்ச்சி, பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கப் பியூக் போலவே இயற்றப்பட்டது.

எஞ்சி நின்ற ஓசை

கருவியின் ஓசையையும் கூட்டத்தின் ஓசையையும் ஒழித்த கூல்டால் ஓர் ஓசையை ஒழிக்க இயலவில்லை. அது அவர் குரல். தாயார் பழக்கிய பழக்கம் வாசிக்குங்கால் தன்னறிவின்றி வெளிப்பட்டது. பதிவாளர் தடுப்புகள் நிறுத்தியும் ஒலிவாங்கியை இடம் மாற்றியும் பார்த்தனர். முற்றும் பயனில்லை. பாடாமல் வாசித்தால் தம் இசை குன்றுகின்றது என்றுணர்ந்த கூல்ட், வருந்தியபடியே அதனை விட்டுவிட்டார். யாம் முதன்முறை அவர் இசைத்தட்டைக் கேட்டபொழுது, அடுத்த அறையில் எவரோ முனகுகின்றனர் என மயங்கிக் கதவைத் திறந்து பார்த்தோம், அங்கு ஒருவருமில்லை. பின்னர் உண்மையறிந்து மீண்டும் கேட்டபொழுது, அம்முனகல் குற்றமாகத் தோன்றவில்லை. ஒருவர் தம்மை மறந்து தொழிலில் அமிழ்ந்திருத்தற்குச் சான்றாகவே தோன்றிற்று.

1971-ஆம் ஆண்டில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. பதிவொன்றிற்காகக் கிளீவ்லந்து நகருக்கு அனுப்பப்பட்ட சி.டி. 318 டொராண்டோவுக்குத் திரும்புகையில் கீழே விழுந்தது. இருபது டன் விசையைத் தாங்கிய வார்ப்பிரும்புச் சட்டம் பல இடங்களில் விண்டது. ஸ்டெயின்வே பட்டறையில் அதனைப் புதுக்கினர். எட்குவிஸ்டும் பன்னாள் பாடுபட்டார். கூல்ட் பின்னும் பல ஆண்டுகள் அதனை விடாது வாசித்தார். ஆயினும் பழைய தொடுகை திரும்பவில்லை. உடைந்தபின் கூடிய கலம் நீர் கொள்ளும், முன்போல் ஒலிக்குமோ? அன்பு காரணமாகக் கைவிட மனமின்றி, அறிவு காரணமாக ஏற்கவும் இயலாது அவர் பட்ட துன்பம் நெடிது.

1981-ஆம் ஆண்டில் கூல்ட் தம் முதல் நூலுக்கே திரும்பினார். அதே 30-ஆம் தெருக் கூடத்தில், யமஹா பியானோ ஒன்றில், கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை மீண்டும் பதிவுசெய்தார். இளமையில் 38 நிமிடத்தில் முடிந்தது, இப்பொழுது 51 நிமிடம் சென்றது. அன்று ஓடிய ஆறு இன்று ஆழ்ந்து நின்றது. கருவி புதியது, நாற்காலி பழையது, முனகல் மாறாதது. அதன்பின் சிறிது காலத்தில் அக்கூடமும் மூடப்பட்டது.

இசைத்தட்டு 1982 செப்டம்பரில் வெளிவந்தது. அத்திங்கள் 25-ஆம் நாள் அவருக்கு ஐம்பது வயது நிரம்பிற்று. இரண்டு நாட்கழித்து மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்டு நோயுற்றார். அக்டோபர் 4-ஆம் நாள் உயிர்நீத்தார். தம் உடைமையை இரட்சணிய சேனைக்கும், டொராண்டோவில் விலங்குகளுக்கு இரங்கி உதவும் சங்கத்திற்கும் பகிர்ந்தளிக்குமாறு அவர் எழுதிவைத்திருந்தார். கூட்டத்தை வெறுத்தவர் வறியவரை வெறுத்தவரல்லர் என்பது இதனாற் புலனாகும். அவர் கல்லறையின்மீது கோல்ட்பெர்க் பாட்டின் முதற் சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சி.டி. 318 இன்று ஒட்டாவா நகரத்துத் தேசியக் கலைமண்டபத்தில் உள்ளது.

முடிவுரை

1977-இல் அமெரிக்க அறிவியலார் வானிற் செலுத்திய வாயேஜர் கலங்கள் இரண்டிலும், மனித இனத்தின் இசையைப் பதிந்த பொற்றட்டு ஒன்று வைக்கப்பட்டது. அதிற் பாக்கின் பிரிலூடும் பியூக்கும் கூல்டின் கையால் ஒலிக்கின்றன. நம் நாட்டுக் கேசர்பாய் கேர்கர் அம்மையாரின் பாட்டும் அதே தட்டில் உள்ளது. 2012-ஆம் ஆண்டில் வாயேஜர் 1 கதிரவனின் காற்று வீசும் எல்லையைக் கடந்து விண்மீனிடைவெளியிற் புகுந்தது. கேட்போர் இல்லா இடத்தைத் தேடிய கூல்டின் இசை, இருமலும் கைதட்டலும் அணுகாத பேரமைதிக்குள் இன்று சென்றுகொண்டிருக்கின்றது.

மாணவராகிய நாம் இவர் வரலாற்றினின்று கொள்ளத்தக்கது யாது? தொழிலிற் புகுந்தோர் சிறு குற்றத்தையும் சிறிதென்று எண்ணாது ஆராய்தல் வேண்டும். ஒலியடக்கியின் அடியிலுள்ள கம்பளித்துண்டு இறுகியதா என்று பார்க்கும் பொறுமை இல்லாதவர்க்கு உயர்ந்த இசை கைகூடாது. அசட்டையால் விளைந்த குற்றம் எதனையும் கூல்ட் பொறுத்தாரல்லர். ஆயினும், தந்தை செய்த நாற்காலியின் கிறீச்சொலியும், தாய் பழக்கிய பாட்டின் முனகலும், விரும்பிய கருவியின் விக்கலும் அசட்டையால் வந்தவையல்ல, அன்பினால் ஒட்டியவை. அவற்றை அறுத்தெறிந்தால் இசையின் உயிரும் உடன் அறும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சோம்பலின் குற்றத்தைக் களைதலும், அன்பின் குற்றத்தைப் பொறுத்தலும் ஆகிய இவ்விரண்டையும் பகுத்தறிதலே கலை, அதுவே வாழ்க்கையுமாம்.

குற்றமற்ற யாழையே கைக்கொண்டான் சீவகன். விக்கும் பியானோவை அறிந்தே கைக்கொண்டு அதினின்று தெள்ளிய இசையைப் பிறப்பித்தார் கூல்ட். இருவருள் எவர் செயல் அரிதென்பதை நண்பர்கள் அவ்விசையைக் கேட்டுத் தெளிவார்களாக.